மலிவு யுஎஸ்பி சவுண்ட் கார்டு: வாங்கியவர்கள் சொல்லுங்கள்

தங்கச்சிமடத்தான்:
லேப்டாப்பின் மைக் ஓட்டையில் களிம்பு ஏறிவிட்டது. கச்சான் வீசுகிற மாதங்களில் எங்கள் வீட்டுப் பித்தளைத் தாழ்ப்பாளே பச்சை பிடிக்கும், இது எம்மாத்திரம். சரி என்று, யுஎஸ்பியில் செருகி மைக்கும் ஹெட்போனும் மாட்டிக்கொள்ளும் ஒரு சவுண்ட் கார்டை 180 ரூபாய்க்கு வாங்கினேன். கட்டைவிரல் அளவு, காதுக்குப் பச்சை, மைக்குக்கு ரோஸ் என்று இரண்டு ஓட்டை. அட்டையில் 7.1 (அதாவது எட்டு சேனல் ஒலி) என்று கொட்டை எழுத்தில் வேறு.

அதில்தான் தாத்தாவின் அம்பாப் பாட்டைப் பதிந்தேன். கரைவலை இழுத்த காலத்துப் பாட்டு. உட்கார்ந்து பாடச் சொன்னால் அவருக்கு வரவே இல்லை. எழுந்துபோய்த் துணி காயப்போடும் கொடிக்கயிற்றைப் பிடித்தார். குதிகாலைத் தரையில் ஊன்றி, சாய்ந்து, ஒரு இழுப்பு. பாட்டு வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து பாட்டி எதிர்க்குரல் கொடுத்தார். ஈரத்துணியெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது.

ராத்திரி போட்டுக் கேட்டால் தொடக்கம் முதல் முடிவுவரை 'ங்ங்ங்' என்று ஒரே இரைச்சல். இப்போது தாத்தா பல்செட் வைத்துவிட்டார், பாடினால் பாதி காற்றாகப் போகிறது. அந்த 180 ரூபாயை நினைத்தால் இன்னும் எரிகிறது.

கீழக்கரைப் பிள்ளை:
எங்கள் வீட்டில் இரைச்சல்கூட வரவில்லை. டெஸ்க்டாப்பில் இதே மாதிரி கார்டைச் செருகி, போன் ஹெட்செட்டை ரோஸ் ஓட்டையில் குத்தினேன். உம்மா துபாயில் இருக்கும் காக்காவிடம் (எங்கள் அண்ணன்) பத்து நிமிஷம் கல்யாணச் செய்தி எல்லாம் சொல்லி முடித்தார். அவர் திரையில் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டுகிறார். உம்மா தன் தோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பழசுதாண்டா" என்றார்! போன் ஹெட்செட் பின்னில் நாலு உலோகப் பகுதி, கார்டு ஓட்டைக்கு மூன்றுதான். மைக்கையும் காதையும் இரண்டாகப் பிரிக்கும் ஒரு குட்டி கேபிள் போட்டதும் சரியாகிவிட்டது.

மண்டபம் சவுண்ட் சர்வீஸ்:
தங்கச்சிமடத்தாரே, கார்டைத் திட்டாதீர்கள். பதியும்போது சார்ஜர் செருகி இருந்ததா? அதுதான் இரைச்சல். ஒரு கோயில் கொடையில் நானும் இப்படித்தான் அவமானப்பட்டேன், அது போகட்டும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதியுங்கள். கார்டை நேராகச் செருகாமல் ஒரு முழம் எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள். 7.1 என்பது அட்டையில் மட்டும்தான். அந்தக் கார்டில் காதுக்குப் போவது இரண்டு சேனல், மைக்குக்குப் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. பதிவுத் தரத்துக்குப் போடுகிற எண்களில், பேச்சுக்கும் பாட்டுக்கும் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தாராளம், அதற்குமேல் எண்ணைக் காட்டிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஸ்டூடியோ கண்டென்சர் மைக் வாங்கி இதில் மாட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதற்கு 48 வோல்ட் வேண்டும், இந்த ஓட்டையில் வருவது சில வோல்ட். அந்த ஆசை இருந்தால் பெரிங்கர் யுஎம்2 மாதிரி, 48 வோல்ட் சுவிட்ச் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிக்குப் போங்கள். சில ஆயிரம் ஆகும். எதை வாங்கினாலும் வேலை முடிந்ததும் கழற்றி, செருப்புப் பெட்டியில் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். உப்புக்காற்றுக்கு வாரண்டி கிடையாது.

பாம்பன் கரை:
அண்ணே, அவர் பாட்டு பதிந்தாயிற்று, இனிமேல் சார்ஜரைப் பிடுங்கி என்ன செய்ய? தங்கச்சிமடம், ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் திருத்த மென்பொருளில் 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' என்று இருக்கும். பாட்டு தொடங்கும் முன் வெறும் இரைச்சல் மட்டும் உள்ள ஒரு விநாடியைத் தேர்ந்தெடுத்து மாதிரியாகக் கொடுங்கள், அப்புறம் முழுசுக்கும் ஓட்டுங்கள். நம் மீனவர் வானொலி கடல் ஓசை 90.4 கேட்கிற ஊரில் இருந்துகொண்டு அம்பாவை விட்டுவிடலாமா?

தங்கச்சிமடத்தான்:
சார்ஜர் செருகித்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பாம்பன் சொன்னதையும் செய்து பார்த்தேன். தாத்தா கயிற்றைத் தேடிப் போன இரண்டு விநாடி மாதிரிக்குக் கிடைத்தது. இரைச்சல் போய்விட்டது, தாத்தா குரல் கணீரென்று இருக்கிறது. ஆனால் அடுப்படியிலிருந்து வந்த பாட்டி குரலையும் சேர்த்துத் தின்றுவிட்டது. இரைச்சலோடு இருப்பதைத்தான் போனில் வைத்திருக்கிறேன்.