பள்ளிக்கூடத்துக்கு உதவி வருது, கட்டடத்துக்கு இல்ல, பிள்ளைகளின் நடத்தைக்கு: எதில் செலவழிப்பது? (அனுபவப் பகிர்வு)

எழுவான்:
வெளிநாட்டிலிருக்கும் எங்கட ஊர்ச் சங்கம் ஒன்று மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஒரு பாடசாலைக்கு மூன்று வருடம் உதவ நிற்கிறது. கட்டடமும் கொம்பியூட்டரும் வேண்டாமாம். பிள்ளைகள் சேர்ந்து நடக்கப் பழகணும், அடிதடி குறையணும், பின் வாங்கில் இருக்கும் சின்னப் பிள்ளையையும் ஆராவது கவனிக்கணும் என்கிறார்கள். இப்படி நடத்திப் பார்த்தவர்கள், காசு எதில் போகணும், எது பிழைக்கும் என்று எழுதுங்க. பிரசங்கம் வேண்டாம், கணக்கு வேணும்.

வாவிமீன்:
மூன்று வருடம் என்று அவர்களே சொல்வது நல்லது. ஒரு வருட உதவியென்றால் இதைத் தொடங்கவே வேண்டாம்.

இந்த வேலைக்கு உலகத்தில் நன்றாகப் பதிவான முன்மாதிரி கலிபோர்னியாவில் 1980களின் முற்பகுதியில் தொடங்கிய பிள்ளை விருத்தித் திட்டம். ஹியூலெட் மன்றத்தின் நிதியோடு சான் ரமோன் பாடசாலைகளில் ஆரம்பித்து, பாலர் வகுப்புப் பிள்ளைகளை ஆறாம் வகுப்புவரை பின்தொடர்ந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த முறைக்கு நாலு கால்: வகுப்புக் கூட்டம், மூத்த இளைய சோடி, வீட்டில் பேசும் வேலை, முழுப் பாடசாலையும் சேரும் நிகழ்வு. நாலிலும் விலையான சாமான் ஒன்றுமில்லை. செலவு முழுக்க ஆசிரியரின் நேரத்துக்குத்தான்.

ஆகவே 100 ரூபாய் வந்தால் 40 ஆசிரியர் பயிற்சிக்கும் மாதச் சந்திப்புக்கும், 25 பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும், 15 பாய், தாள், கதைப் புத்தகத்துக்கும், 10 ஒருங்கிணைப்பவரின் பயணத்துக்கும் என்று பிரியுங்க. கடைசி 10ஐத் தொடாமல் வையுங்க. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்து பள்ளிக்கூடம் இடைத்தங்கல் முகாமானால் அட்டவணை முழுக்கக் குலையும், அப்போது அது தேவைப்படும்.

பயிற்சியை ஒரேயடியாக ஐந்து நாள் ஹோட்டலில் வைத்தால் ஆறாம் நாள் எல்லாம் பழையபடி. தொடக்கத்தில் இரண்டு நாள், பிறகு மாதம் ஒருமுறை 90 நிமிடம் போதும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இதில் ஒரு சிக்கல் இருக்கு. பள்ளிக்கூடம் 1.30க்கு விட்டால் ரீச்சர்மார் சேர்ந்து பிடித்த வான் 1.45க்குப் புறப்படும். மாதம் ஒருநாள் வானை மறித்து வைக்கும் காசை வரவுசெலவில் போடாவிட்டால் அந்தச் சந்திப்பு நடக்கவே நடக்காது.

பட்டிருப்பு ரீச்சர்:
வகுப்புக் கூட்டத்தைப் பற்றி நான் எழுதுறேன், கூடுதலாகப் பிழைப்பது அங்கதான்.

40 நிமிடப் பாடவேளையில் மேசை வாங்கை நகர்த்தி வட்டமாக்க 10 நிமிடம், திருப்பி அடுக்க 10 நிமிடம். மிச்சம் 20. அதனால் பன்பாய் (பன்புல்லில் இழைத்த பாய்) வாங்குங்க, 35 பிள்ளைக்குப் பெரிய பாய் ஏழு போதும். வெயில் காலத்தில் வேம்படி, மழைக்கு மண்டபத்து மூலை. சிரட்டையோ சிப்பியோ ஒன்று கைமாறும், அது ஆர் கையில் இருக்கோ அவர் மட்டும் பேசலாம்.

முதல் ஆறு கிழமைக்குப் பிரச்சினை எதையும் கூட்டத்துக்குக் கொண்டுவரக் கூடாது. "இந்த மாதம் வகுப்பறை கூட்டித் துப்புரவாக்கிற வேலையை எப்படிப் பிரிப்பம்?", "புதுசா வந்த பிள்ளைக்கு என்ன செய்வம்?" இந்த அளவு போதும். முதல் கிழமையிலேயே "பென்சில் களவெடுத்தது ஆர்?" என்று தொடங்கினால் கூட்டம் நீதிமன்றமாகிவிடும். பிள்ளைகள் சாட்சி சொல்லப் பழகுவார்கள், பேசப் பழகமாட்டார்கள். ஏழாம் கிழமைக்குப் பிறகும் ஆளின் பெயர் சொல்லாமல் நடந்ததை மட்டும் சொல்லணும்.

இன்னொன்று. பிரம்பை மேசையில் வைத்துக்கொண்டு வட்டத்தில் இருந்தால் ஒரு பிள்ளையும் வாய் திறவாது. உடல் தண்டனை கூடாதென்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை இருக்கு, அதைப் பயிற்சியின் முதல் நாளே வாசிக்க வையுங்க.

மூத்த இளைய சோடிக்கு ஐந்தாம் வகுப்பை எடுக்காதீங்க. புலமைப்பரிசில் பரீட்சை கிட்டவரும்போது தாய்மார் வந்து நிற்பார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கு. நாலாம் வகுப்பும் முதலாம் வகுப்பும், இல்லாவிட்டால் ஏழும் இரண்டும். கிழமைக்கு 30 நிமிடம், ஒரு கதை வாசிப்பு, ஒரு கைவேலை. இரண்டு பேராக இல்லாமல் இரண்டு பெரியவர், ஒரு சின்னவர் என்று மூவராகச் சேருங்க. அறுவடை நேரமும் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நேரமும் வரவு குறையும். தன்ட சோடி அண்ணன் வராத நாளில் சின்னது மூலையில் இருந்து அழும்.

ஒலுவில் வெளிச்சவீடு:
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். ரீச்சர் சொன்னதோட ஒன்று சேர்க்கணும்.

வீட்டு வேலைத் தாளில் "அம்மாவிடம் கேட்டு எழுதுக" என்று போடாதீங்க. எங்கட மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் உம்மா, அம்மா வெளிநாட்டில் வேலைக்குப் போன வீடு எத்தனை! "வீட்டிலுள்ள ஒரு பெரியவரிடம்" என்று போட்டால் அம்மம்மா, உம்மும்மா, சாச்சி ஆரும் பதில் சொல்லலாம். கையொப்பமும் கேட்காதீங்க. எழுதத் தெரியாதவர் வெட்கத்தில் தாளை ஒளிப்பார். கேள்வி ஒன்று, பேச்சு 15 நிமிடம், அடுத்த நாள் வகுப்பில் வாயால் சொல்லட்டும்.

தமிழ், முஸ்லிம் பாடசாலை இரண்டைச் சேர்த்து நடத்தும் யோசனை சங்கத்துக்கு இருந்தால் முதலில் இரண்டு கலண்டரையும் பக்கத்தில் வையுங்க. நோன்பு காலத்தில் எங்கட பாடசாலைக்கு விடுமுறை, தவணையே வேறு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக நேரத்தோட விடும். இதைப் பார்க்காமல் போட்ட திட்டங்களில் வருடத்துக்கு ஆறு சந்திப்பு இரண்டாகச் சுருங்கிவிடும். சாப்பாட்டுக்குக் கடலை, வாழைப்பழம், பணிஸ். ஹலாலா, சைவமா என்ற கதையே வராது. பிள்ளைகளை வெளியே கொண்டுபோக வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதியும் பெற்றோரின் சம்மதக் கடிதமும் முந்தியே எடுக்கணும், ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்க.

நடனம், நாடகம் என்று மேடை போட்டால் இரண்டு பக்கமும் தன்ட தன்ட பிள்ளைக்குத்தான் கைதட்டும். கடற்கரை துப்புரவு, மரக்கன்று நடுகை, ஒரே படத்தை நாலு பேர் கீறுவது மாதிரிக் கை கலக்கும் வேலை கொடுங்க. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கின வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, யுத்தம் நடக்கும்போதே தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிவந்து விளையாட்டு, களிமண், கதை என்று மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்திக்க வைத்தது. அங்க பலித்தது அந்தத் திரும்பத் திரும்பத்தான். ஒருநாள் சமாதான விழாவுக்குச் செலவழிக்கும் காசில் ஒரு தவணை பஸ் ஓடும்.

வாவிமீன்:
வெளிச்சவீடு நானா சொன்ன பஸ்தான் முக்கியம். சங்கக்காரர் முதலில் வெட்டுவதும் அதைத்தான், படத்தில் பஸ் விழாதே.

அவர்கள் "நல்ல பிள்ளை விருது" கேட்டால் மறுங்க. கலிபோர்னியாக்காரரும் பரிசு காட்டி நல்ல பழக்கம் பழக்குவதைத் தவிர்த்தார்கள். இங்கே நடப்பது என்னவென்றால் மாணவத் தலைவர் மூன்று பேரே ஒவ்வொரு தவணையும் வாங்குவார்கள், மற்றவன் ரீச்சர் பார்க்கும்போது மட்டும் உதவி செய்வான். பிள்ளைகளின் முகம் தெரியும் படமும் "தகப்பன் இல்லாத பிள்ளைகள்" பட்டியலும் கொடுக்காதீங்க. சுனாமிக்குப் பிறகு அப்படி எத்தனை பட்டியல் எடுபட்டது.

எழுவான்:
நன்றி. காசு எந்த வழியால் வரணும்? பலன் கிடைச்சதென்று எதைக் காட்டுவது?

பட்டிருப்பு ரீச்சர்:
காசு அதிபரின் சொந்தக் கணக்குக்கு வரவே கூடாது, அவர் எவ்வளவு நல்லவராயினும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கு, அல்லது பதிவுள்ள தொண்டு நிறுவனம். மூன்று வருடத் திட்டம், தவணைக்கொரு கொடுப்பனவு, முந்தின தவணையின் வவுச்சர் வந்த பிறகே அடுத்தது என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி வலயத்துக்கும் பிரதி கொடுங்க. பாயும் புத்தகமும் இன்வென்டரியில் (பாடசாலைப் பொருட்பதிவேட்டில்) ஏறணும், இல்லாவிட்டால் அதிபர் மாறும்போது காணாமல் போகும். ரீச்சர்மாரும் மாறுவார்கள். வகுப்புக்கு ஒருவரைப் பயிற்றினால் இரண்டாம் வருடம் ஆளில்லை. எல்லாரையும் பயிற்றுங்க, ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் ஒரு கோப்பு இருக்கட்டும்.

அளக்கிறதுக்கு மூன்று ரின் பேணியும் புளியங்கொட்டையும் போதும். "நான் விழுந்தால் ஆராவது தூக்குவார்களா?", "என்ட கதையை வகுப்பு கேட்குமா?" என்று ஐந்து கேள்வி. ஓம், சிலநேரம், இல்லை என்று மூன்று பேணி. பிள்ளை திரைக்குப் பின்னால் போய்ப் போடும், வகுப்பாசிரியர் வெளியே நிற்கணும். தவணை தொடக்கத்தில் ஒருக்கா, முடிவில் ஒருக்கா. வரவு இடாப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க.

முதல் வருடம் முறைப்பாடு கூடும். பிள்ளைகள் அப்போதுதான் வாய்விட்டுச் சொல்லத் தொடங்குவார்கள், அதில் சிலது சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அறிவிக்க வேண்டிய விசயமாகவும் இருக்கும். இதைச் சங்கத்துக்குத் தொடக்கத்திலேயே எழுத்தில் சொல்லி வையுங்க, பிறகு சொன்னால் சாட்டு என்பார்கள்.

ஒலுவில் வெளிச்சவீடு:
பாயை மழைக்கு முந்திச் சுருட்டி மேலே தூக்கிக் கட்டுங்க. நிலத்தில் விட்டால் மார்கழியில் பூஞ்சணம், தையில் புதுசு வாங்க வேணும்.