பெருவிண்மீன்களுக்கு அருகில் இளம் விண்மீன்களின் தாரைகள் ஏன் முழு நீளத்துக்கும் ஒளிர்கின்றன?

கேள்வி:
ஹபிள் தொலைநோக்கி 2010-இல் எடுத்த கரினா நெபுலா என்னும் வாயு-தூசி மேகத்தின் படத்தில், தூசித் தூண்களின் நுனியிலிருந்து எச்எச் 901, எச்எச் 902 என்னும் தாரைகள் (இளம் விண்மீன்கள் பீச்சும் குறுகிய வாயு ஓட்டங்கள்) இரு திசைகளிலும் பீறிடுகின்றன. மற்ற இடங்களில் துண்டுதுண்டான முடிச்சுகளாகவே தெரியும் இத்தகைய தாரைகள் இங்கே தொடர்ச்சியான கோடுகளாகத் தெரிவதற்கு அருகிலுள்ள பெருவிண்மீன்கள்தாம் காரணமா?

மறுமொழி 1:
ஆம். வினாடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் பாயும் தாரை, தன் முன்னே உள்ள வாயுவிலோ தன்னுள்ளேயே மெதுவாகச் செல்லும் பகுதியிலோ மோதும் இடங்களில் மட்டுமே சூடாகி ஒளிரும் என்பதால், தனித்திருக்கும் இளம் விண்மீன்களில் நாம் காண்பது அந்த மோதல்களில் எழும் அதிர்ச்சி அலைகளை மட்டுமே. பெருவிண்மீன்களின் புற ஊதாக் கதிர்களோ ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவையான 13.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலால், மோதாத ஹைட்ரஜனையும் அயனியாக்கி ஒளிரச் செய்கின்றன.

மறுமொழி 2:
ஒரு முக்கியமான சேர்க்கை: அடர்த்தி மிகுந்த தாரைகளில் கதிர்கள் மேற்பரப்பைத் தாண்டுவதில்லை; அயனியாகாமல் நடுநிலையாக உள்ள உட்பகுதியை இரும்பு அயனியின் அகச்சிவப்பு ஒளியே காட்டுகிறது. ஆகவே ஹைட்ரஜன் ஒளியை மட்டும் வைத்து மதிப்பிட்டால், விண்மீன் வெளியேற்றும் நிறையைக் குறைத்தே கணக்கிடுவோம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சில தாரைகள் வளைவதற்கும் இதே கதிர்கள் காரணமாகுமா?

மறுமொழி 1:
ஆகலாம். ஒளிபடும் பக்கத்திலிருந்து ஆவியாகும் வாயு, ராக்கெட்டைப் போல, தாரையை எதிர்ப்புறம் தள்ளும்; பெருவிண்மீனின் காற்றும் அவ்வாறே தள்ளக்கூடும்.