பச்சை நிறத்தில் 230: பழனி மலையடிவாரத்தில் எங்கள் பாராகிளைடர் அனுபவங்கள்

பழனியிலிருந்து, தொடக்கப் பதிவு

தைப்பூசக் கூட்டம் கலைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. பழனி மலைத்தொடரின் வடக்கு விளிம்பில் ஒரு பட்டா நிலத்தின் பாறைமேட்டிலிருந்து, உரிய அனுமதியோடு, நண்பகலுக்குச் சற்று முன் பாராகிளைடரில், அதாவது எஞ்சின் இல்லாத துணிச்சிறகில், கிளம்பினேன். சரிவை ஒட்டியே மேற்கே போய், பாலாறு பொருந்தலாறு அணைக்கு மேலிருக்கும் முகடுகளைத் தொட்டுவிட்டுத் திரும்பி, ஆயக்குடிக்கு அருகே எங்களுக்குத் தெரிந்த ஒரு வயலில் இறங்குவது திட்டம்.

போகும்போது எல்லாம் சரியாகவே நடந்தது. அணைக்குத் தெற்கே ஒரு நல்ல தெர்மல் (வெயிலில் சூடாகி மேலெழும் காற்று) கிடைத்து, 1,800 மீட்டர் வரை சுற்றிச் சுற்றி ஏறினேன். திரும்பி வரும் வழியில்தான் சிக்கல். பாலசமுத்திரத்தைத் தாண்டும்போது வயலின் மட்டத்துக்கு மேலே என் உயரம் 900 மீட்டர். வயலுக்கு இன்னும் 6 கிலோமீட்டர். கைபேசியில் ஓடும் பறப்புச் செயலியின் திரையில் வந்துசேரும் உயரம் 230 மீட்டர் என்று பச்சை நிறத்தில் பெரிதாக இருந்தது. அதாவது இப்படியே நேராகப் போனால் வயலின் தலைக்கு மேல் 230 மீட்டர் மிச்சம் வைத்துப் போய்ச் சேர்வாய் என்று செயலி சொல்கிறது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. பாதையை மாற்றாமல் நேராகப் போனேன்.

ஒரு கிலோமீட்டர் கழித்துப் பார்த்தால் 130. இறங்குகாற்றில் மாட்டிக்கொண்டேன், சற்று நேரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இரண்டாவது கிலோமீட்டரில் 30. அதன் பிறகு எண் சிவப்புக்கு மாறியது. எனக்குக் கீழே தென்னந்தோப்பு, அதை அடுத்துக் கொய்யாத் தோப்பு, இரண்டுக்கும் நடுவே மின்கோபுர வரிசை. நேர் எதிரே இறங்க ஓர் இடமும் இல்லை.

400 மீட்டர் உயரத்தில் வயலைக் கைவிட்டேன். வடக்கே திரும்பி, மக்காச்சோளம் அறுத்துத் தட்டை மட்டும் நின்ற ஒரு காட்டில் இறங்கினேன். கிழக்கே முகம் வைத்து இறங்கியபோது கிளைடர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே கீழே வந்தது. கால் தரையைத் தொட்டதும் காற்று துணியைப் பின்னால் இழுத்து, தட்டையின் மேல் என்னை நாலு அடி இழுத்துக்கொண்டு போனது. கைமுட்டி இரண்டிலும் சிராய்ப்பு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. காட்டுக்காரப் பெரியவர் வந்து, "எங்கே தம்பி போக வேண்டும்?" என்று கேட்டார். ஆயக்குடி என்றேன். "அதற்கு இந்தக் காற்றிலா வந்தீர்கள்?" என்றார். அந்தக் கேள்வியை அன்று இரவு வரை மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

இரவு ஐஜிசி கோப்பை, அதாவது செயலி எழுதிவைக்கும் பறப்புப் பதிவைத் திறந்தேன். பறப்பின் ஒவ்வொரு நொடியும் பி என்ற எழுத்தில் தொடங்கும் ஒரு வரியாக அதில் இருக்கும். நேரம் உலக நேரத்தில் இருக்கும்; நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 07:42:12 என்ற வரி, அதாவது பிற்பகல் 1:12. அங்கிருந்து அடுத்த ஏழு நிமிடத்து வரிகளைக் கணக்குப் போட்டேன். தரைவேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். என் கிளைடர் அசைவற்ற காற்றில் 38-இல் போகும். அப்படியானால் எதிர்க்காற்று 18.

கணக்கு எளிதுதான். என் கிளைடர் 1 மீட்டர் இறங்குவதற்குள் 9 மீட்டர் முன்னே போகும். 6 கிலோமீட்டருக்கு 667 மீட்டர் உயரம் போதும்; 900-இல் அதைக் கழித்தால் 230 மிச்சம். செயலி போட்ட கணக்கில் பிழையே இல்லை. ஆனால் 18 கிலோமீட்டர் எதிர்க்காற்றில், தரையை வைத்துப் பார்த்தால் அந்த 9 என்பது 4.7 ஆகிவிடுகிறது. 6 கிலோமீட்டர் போக 1,260 மீட்டருக்கும் மேல் வேண்டும். என்னிடம் இருந்த 900 மீட்டர் 4.3 கிலோமீட்டருக்குத்தான் வரும்.

காற்று இல்லை என்று செயலி ஏன் நினைத்தது? பாராகிளைடரில் காற்றுவேகம் அளக்கும் கருவி பொதுவாக இருப்பதில்லை. நாம் தெர்மலில் வட்டமடிக்கும்போது வட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்துத்தான் செயலி காற்றை ஊகிக்கிறது. நான் கடைசியாக வட்டமடித்தது 1,800 மீட்டரில். அங்கே காற்று அநேகமாக இல்லை. நேராகப் பறக்கத் தொடங்கிய பிறகு புதிதாக ஊகிக்க அதற்கு வழி இல்லை. ஆகவே மேலே இருந்த காற்றையே கீழேயும் இருப்பதாக வைத்துக்கொண்டது.

கீழே எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் இந்த ஊரில் பிறந்தவன். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. தை, மாசியில் கிழக்குக் காற்று தாழ்வாக ஓடி அந்த வாய்க்குள் புகுகிறது. ஆடியில் அதே வழியாக மேற்கிலிருந்து திரும்பி வருகிறது. பழனியும் உடுமலையும் அந்த ஓட்டத்தின் பாதையில் இருக்கின்றன. அன்றும் பாலசமுத்திரத்துக்கு அருகே யாரோ கரும்புத் தோகை எரித்த புகை மேற்கே படுத்தே கிடந்தது. பார்த்தேன். பார்த்தும் கணக்கில் சேர்க்கவில்லை. அதைவிட எனக்கு வலிப்பது வேறொன்று: அதே திரையின் கீழ் மூலையில், சின்ன எழுத்தில், தரைவேகம் 20 என்று ஏழு நிமிடமும் இருந்திருக்கிறது. என் கண் பச்சை 230-ஐ விட்டு அங்கே போகவே இல்லை.

இப்போது திரையை மாற்றிவிட்டேன். தரைவேகத்தைப் பெரிதாக மேலே வைத்திருக்கிறேன். வந்துசேரும் உயரத்துக்குப் பக்கத்திலேயே செயலி எடுத்துக்கொண்ட காற்றின் திசையும் வேகமும், அது எத்தனை நிமிடம் பழையது என்பதும். நேராகப் பறக்கத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் தரைவேகம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால், காற்றைக் கையாலேயே உள்ளிடுகிறேன். உங்களில் யாருக்காவது இதுபோல் நடந்திருந்தால் எழுதுங்கள். இடத்தையும் மாதத்தையும் சேர்த்து எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.

பெரியகுளத்திலிருந்து

அண்ணா, உங்களுக்குக் காற்று, எனக்குத் தண்ணீர். தெற்குச் சரிவில் தேவதானப்பட்டிக்கு அருகே ஒரு கண்மாயை இறங்குமிடமாகக் குறித்து வைத்திருந்தேன். செயற்கைக்கோள் படத்தில் மொட்டையாக, அகலமாக, மரமே இல்லாமல் இருந்தது. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஒரு மார்கழியில் முகடு தாண்டி வந்து பார்க்கிறேன், கரை முட்டத் தண்ணீர். படம் கோடையில் எடுத்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. கைபேசி "எட்டிவிடலாம்" என்றே காட்டிக்கொண்டிருந்தது. எட்டத்தான் எட்டும். எட்டி, கயிறுகள் காலில் சுற்றிக்கொள்ளத் தண்ணீரில் விழுவதைவிட எட்டாமல் இருப்பதே நல்லது.

கரைக்கு வெளியே மாந்தோப்பு. கண்மாய்க்கரையின் வெளிச்சரிவை ஒட்டி வண்டித்தடம்போல ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் இறங்கினேன். இறக்கைத் துணியின் ஒரு முனை மாங்கிளையில் சிக்கிக் கிழிந்தது.

அதிலிருந்து நான் படத்தை வைத்து எந்த இடத்தையும் குறிப்பதில்லை. தை பிறந்ததும் இருசக்கர வண்டியில் வத்தலக்குண்டு முதல் பெரியகுளம் வரை அடிவாரச் சாலையில் ஒரு சுற்று வருவேன். செயலிக்கு இடங்களின் பட்டியலைத் தரும் சியுபி கோப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் குறிப்பு எழுத ஒரு பத்தி உண்டு அல்லவா, அதில் என்ன பயிர், மின்கம்பி எந்தப் பக்கம், கிணறு எங்கே, யாரிடம் சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். கிணறு முக்கியம் அண்ணா. நம் பக்கத்துக் கமலைக் கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. மேலிருந்து பார்த்தால் நிழல்போலத்தான் தெரியும்.

திண்டுக்கல்லிலிருந்து

தம்பிகளே, நான் பறப்பவன் அல்ல. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். என் மகன் பறக்கிறான். உயரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும்.

ஜிபிஎஸ் கணக்கிடும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல. பூமியைத் துருவங்களில் சற்றே தட்டையான, வழவழப்பான ஒரு கோளமாக வைத்து, அந்தப் பரப்பிலிருந்து அளக்கிறது. உண்மையான கடல்மட்டம் ஈர்ப்பு விசைக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், 106 மீட்டர். நம் தென் தமிழகம் அந்தப் பள்ளத்தின் சரிவிலேயே உட்கார்ந்திருக்கிறது. பழனிப் பக்கம் சுமார் 90 மீட்டர் வேறுபாடு வரும். திருத்தாத எண்ணைக் காட்டும் கருவியை ராமேசுவரம் கடற்கரையில் வைத்தால், கடலுக்குக் கீழே 90 மீட்டருக்கும் மேல் இருப்பதாகச் சொல்லும்.

செயலி இதைத் திருத்திக் காட்டினால் நல்லது. திருத்தாவிட்டால் உங்களை உண்மையைவிடத் தாழ்வாகக் காட்டும். வயலுக்கு மிச்சத்தோடு போய்ச் சேர்வீர்கள். ஆபத்து இன்னொன்றில் இருக்கிறது. வெளிக்கருவி ஒன்று ஏற்கெனவே திருத்திய உயரத்தை அனுப்ப, கைபேசி அதை மறுபடியும் திருத்தினால், 90 மீட்டர் உயரமாகக் காட்டும். என் மகனுடைய கருவியில் இப்படி நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, வரைபடத்தில் எழுதியிருந்த உயரத்தோடு ஒப்பிட்டோம். கிளம்புமுன் உயரம் தெரிந்த ஓர் இடத்தில் ஒரு நிமிடம் நின்று சரிபாருங்கள். ஐஜிசி வரியில் காற்றழுத்த உயரமும் ஜிபிஎஸ் உயரமும் தனித்தனியாக இருக்கும்; இரவில் இரண்டையும் ஒப்பிடலாம்.

செயலியில் நீங்கள் பார்க்கும் மலை வடிவம் எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்தது. அதற்குப் பிறகு உடுமலை, தாராபுரம் பக்கம் எழுந்த காற்றாலை எதுவும் அதில் இல்லை.

ஒட்டன்சத்திரத்திலிருந்து

நான் இந்த ஆண்டுதான் தனியாகப் பறக்கத் தொடங்கியிருக்கிறேன். பழனியின் இடக்குறியீடு 10.45 வடக்கு, 77.52 கிழக்கு. சியுபி கோப்பில் பாகையும் (டிகிரி) கலையுமாக (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) எழுத வேண்டும் என்பது தெரியாமல், 10 பாகை 45 கலை, 77 பாகை 52 கலை என்று எழுதிவிட்டேன். 0.45 பாகை என்பது 27 கலை. என் பழனி 50 கிலோமீட்டர் தள்ளி, அரவக்குறிச்சிப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. நல்லவேளையாக, வீட்டில் எக்ஸ்சிசோர் என்ற பறப்புச் செயலியைப் பாவனைப் பறப்பு முறையில் ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது. அதில் இன்னொரு வசதி எனக்குப் பிடித்திருக்கிறது: இப்போதைய உயரத்தில் எதுவரை போக முடியும் என்பதை மலை வடிவத்தோடு சேர்த்து எல்லைக்கோடாக வரைந்து காட்டும். ஓர் எண்ணைவிட அது எனக்கு நன்றாகப் புரிகிறது.

ஆனால் ஒரு கேள்வி அண்ணா. அந்தக் கோடும் பழைய காற்றை வைத்துத்தானே வரையப்படும்?

பழனியிலிருந்து, மீண்டும்

ஆமாம் தங்கச்சி, அதே பழைய காற்றுதான். காற்றைத் திருத்தினால் கோடும் உள்ளே சுருங்கும். வீட்டில் ஒருமுறை செய்து பார். கிழக்கிலிருந்து 18 என்று காற்றை வைத்துவிட்டுப் பாலசமுத்திரத்துக்கு மேல் 900 மீட்டரில் நில். கோடு மேற்கே நீளமாகவும் கிழக்கே ஒட்டிக்கொண்டும் இருக்கும். அன்று நான் மேற்கே திரும்பியிருந்தால் மணிக்கு 56 கிலோமீட்டரில் எத்தனையோ வயல்களைப் பார்த்திருப்பேன். வீட்டுப் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டிருந்ததால் அது எனக்குத் தோன்றவில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள். சரணாலய எல்லையையும் கோப்பில் ஏற்றிவை. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு சரிவில் பெரும்பகுதி அதற்குள்தான். செயலி எட்டும் என்று காட்டும் புல்வெளியில் காட்டெருமை நிற்கும். இறங்குமிடங்கள் எல்லாம் அடிவாரத்தில் மட்டும் இருக்கட்டும்.

ஐயா, நீங்கள் சொன்ன இரட்டைத் திருத்தம் எனக்குப் புதிது. இன்று மாலையே என் கருவியைப் பழனி ரயில் நிலையத்துக்கு எடுத்துப் போனேன். நடைமேடைப் பலகையில் கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும் அல்லவா, அதன் அடியில் நின்று பார்த்தேன். கைபேசி மட்டும் இருந்தபோது ஏழு மீட்டர்தான் வேறுபாடு. ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் வெளிக்கருவியான வேரியோவை இணைத்ததும் 90-க்கு மேல் கூடிவிட்டது. அன்று வேரியோவும் இணைப்பில்தான் இருந்ததா என்று நினைவில்லை. இருந்திருந்தால் திரையில் பார்த்த அந்த 900-ஏ 810-தான். கோப்பில் இரண்டு உயரமும் இருப்பதால் இன்று இரவு மறுபடி திறந்து பார்க்கிறேன்.

பெரியகுளத்துத் தம்பி, ஞாயிற்றுக்கிழமை நானும் வண்டியை எடுக்கிறேன். ஆயக்குடியிலிருந்து பாலசமுத்திரம் வரை, கிணறுகளையும் சேர்த்துக் குறிக்க. முதலில் போவது அந்த மக்காச்சோளக் காட்டுக்காரரிடம். அவர் என்ன விதைக்கப் போகிறார் என்று கேட்க வேண்டும்.