புதிய கேம்ரியா, பழைய அக்கார்டா?

கேள்வி (சுங்கை சிப்புட்):
வணக்கம். பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அடிக்கடி ஈப்போவுக்குச் சென்றுவர ஒரு கார் தேவைப்படுகிறது. புதிய டொயோட்டா கேம்ரி வாங்குவதா, 2020இல் மலேசியாவில் வெளிவந்த ஹோண்டா அக்கார்டைப் பழையதாக வாங்குவதா?

பதில்:
விலையை மட்டும் பார்க்காதீர்கள், ஐயா. தீபகற்ப மலேசியாவில் 2.5 லிட்டர் கேம்ரிக்கு ஆண்டுச் சாலை வரி ஏறத்தாழ 867 ரிங்கிட், 1.5 லிட்டர் டர்போ அக்கார்டுக்கோ 90 ரிங்கிட்தான். மேலும், புதிய காருக்கு ஒன்பதாண்டுக் கடன் எடுத்தால், இடையில் விற்க நேரும்போது காரின் மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகமாக நிற்கக்கூடும்.

மற்றொரு பதில்:
பழையது என்றால், கால்மிதியை மட்டுமன்றித் தரைவிரிப்பையே தூக்கி, இருக்கை நகரும் தண்டவாளத்தில் சேறு படிந்திருக்கிறதா என்று பாருங்கள்; அது தோட்டச் சாலைச் செம்மண்ணாகவும் இருக்கலாம், வெள்ளம் புகுந்த அடையாளமாகவும் இருக்கலாம். மெருகேற்றிய பெயிண்டில் மயங்க வேண்டாம். உரிமையாளர் பெயர் மாற்றத்திற்கான புஸ்பகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) சோதனையில் தேறியது என்பதால் கியர்பெட்டி நலமாக இருக்கிறது என்று பொருளில்லை, சி.வி.டி. எனும் அந்தத் தானியங்கி கியர்பெட்டியின் எண்ணெய் மாற்றிய பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கேட்டவர்:
நன்றி. பதிவேடு முழுமையாக உள்ள அக்கார்டு ஒன்றைச் சனிக்கிழமை பார்க்கப் போகிறேன்.

பதில்:
எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; சூடான எஞ்சினில் சில கோளாறுகள் மறைந்துவிடும்.