உணவுக்குழாய் – இரைப்பைச் சந்திப்பில் புற்றுநோய்: திங்கட்கிழமை கீமோ, அதற்குமுன் ட்ரயல் பார்க்கலாமா?

வைகைக்கரை (கேள்வி)
சித்தப்பாவுக்கு வயது 58. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் அடினோகார்சினோமா (சுரப்பி அணுக்களில் வரும் புற்றுநோய்), சைவர்ட் 2 (சந்திப்பிலேயே இருக்கும் வகை) என்று ரிப்போர்ட். சிடி ஸ்கேனில் கல்லீரலில் இரண்டு இடங்களில் பரவியிருக்கிறது. ஹெர்-2 (புற்றணுக்களில் பார்க்கும் ஒரு புரதம்) நெகட்டிவ், வேறு எதுவும் டெஸ்ட் செய்யவில்லை. திங்கட்கிழமை கீமோ தொடங்கலாம் என்கிறார்கள். இன்னொரு மருத்துவமனையில் ட்ரயல் (புதிய சிகிச்சையை நோயாளிகளிடம் சோதிக்கும் ஆய்வு) நடப்பதாகக் கேள்விப்பட்டோம். முதல் கீமோ போட்டுக்கொண்டு அங்கே போகலாமா? வெறும் பிளாசிபோ (மருந்தே இல்லாத போலி மருந்து) கொடுத்துவிடுவார்களோ என்று சித்திக்குப் பயம். என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

திசுத்தட்டு
போட்டுக்கொண்டு போனால் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். முதல்கட்ட சிகிச்சைக்கான ட்ரயல்களில், பரவிய நோய்க்கு இதற்குமுன் மருந்து ஏறியிருக்கக் கூடாது என்பதுதான் வழக்கமான நிபந்தனை. ஒரு சுற்று வரை அனுமதிக்கும் ட்ரயல்களும் உண்டு, ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம். அதற்காகக் கீமோவை மாதக்கணக்கில் தள்ளவும் கூடாது. எடை குறைந்து, சாப்பாடு இறங்காமல் போனால் பிறகு ட்ரயலுக்கும் தகுதி இருக்காது, கீமோவைத் தாங்கவும் உடம்பு இருக்காது. சில நாள் தள்ளலாமா என்று கீமோ சொன்ன மருத்துவரிடமே கேளுங்கள்.

நாளைக்கே செய்ய வேண்டியது: பயாப்ஸி செய்த லேபுக்குப் போய், மீதி பிளாக்கில் (மெழுகில் பதித்த திசு) பிடி-எல்1 சிபிஎஸ் (பிடி-எல்1 புரதம் எவ்வளவு என்பதற்கான மதிப்பெண்), எம்எம்ஆர் புரதங்கள் (டிஎன்ஏ பிழைகளைத் திருத்துபவை) நான்கு, கிளாடின் 18.2 (புற்றணுவின் மேலிருக்கும் புரதம்) மூன்றையும் ஒரே நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றின் முடிவு வந்தபிறகு அடுத்தது என்று போனால் நாளும் போகும், ஒவ்வொரு முறையும் பிளாக்கைத் திரும்பச் சீவுவதால் திசுவும் வீணாகும். எண்டாஸ்கோபித் துண்டுகள் சின்னவை. நான்காவது டெஸ்ட்டுக்கு வரும்போது பிளாக்கில் மெழுகுதான் மிஞ்சும்.

ஹெர்-2 நெகட்டிவ் என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள். இரைப்பைக் கட்டியில் ஹெர்-2 ஒரு பக்கம் இருக்கும், மறுபக்கம் இருக்காது. அதனால்தான் 6 முதல் 8 துண்டு எடுக்கச் சொல்கிறார்கள். இரண்டு துண்டில் வந்த நெகட்டிவை நான் முழுதாக நம்ப மாட்டேன். ரிப்போர்ட்டில் 2+ (இரண்டுங்கெட்டான் நிலை) என்று இருந்து ஃபிஷ் டெஸ்ட் (ஹெர்-2 மரபணுவை எண்ணிப் பார்ப்பது) செய்யாமல் விட்டிருந்தால், அது நெகட்டிவே இல்லை, பாதியில் நிற்கும் ரிப்போர்ட்.

சிபிஎஸ்ஸில் "பாசிட்டிவ்" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள். செக்மேட் 649 ட்ரயலில் முக்கியமாகக் கணக்கெடுத்தது சிபிஎஸ் 5-உம் அதற்கு மேலும் உள்ளவர்களை. அவர்களில் கீமோவுடன் நிவோலுமாப் (இம்யூனோதெரபி, அதாவது நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 14.4 மாதம், கீமோ மட்டும் எடுத்தவர்களுக்கு 11.1. வேறு ட்ரயல்கள் 1 என்றோ 10 என்றோ கோடு போடும். எண் கையில் இருந்தால் எந்தக் கதவு திறக்கும் என்று உடனே தெரிந்துவிடும்.

பதிவேடு
பிளாசிபோ பற்றி: இந்த நோயின் முதல்கட்ட சிகிச்சைக்கான ட்ரயல்களில் பிளாசிபோ என்றால் கீமோவோடு சேர்ந்த பிளாசிபோ. ஸ்பாட்லைட் ட்ரயலை எடுத்துக்கொள்ளுங்கள். 565 பேர், இரு பிரிவினருக்கும் ஒரே எம்ஃபால்ஃபாக்ஸ்6 கீமோ. ஒரு பிரிவுக்கு அதோடு கிளாடின் 18.2-ஐக் குறிவைக்கும் ஸோல்பெடக்ஸிமாப், மற்றதற்கு பிளாசிபோ. வழக்கமான சிகிச்சை யாருக்கும் பறிபோகவில்லை. செக்மேட் 649-இல் பிளாசிபோவே கிடையாது, யாருக்கு எது போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். சித்தியிடம் இதைச் சொல்லுங்கள். அங்கே போனதும் "ஒப்பீட்டுப் பிரிவில் விழுந்தால் என்ன மருந்து?" என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். இன்றைக்கு வழக்கத்தில் இருப்பதைவிடக் குறைவான சிகிச்சை அந்தப் பிரிவில் இருந்தால் யோசிக்க வேண்டும்.

ட்ரயல் உண்மையா என்பதை சிடிஆர்ஐ (இந்திய ட்ரயல்களின் பதிவேடு) தளத்தில் பார்க்கலாம். 2009 ஜூன் முதல் இந்திய ட்ரயல்களுக்கு அங்கே பதிவு கட்டாயம். "காஸ்ட்ரிக்" என்று மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். "ஸ்டமக்", "ஈசோஃபேகோகாஸ்ட்ரிக்" என்றும், அதையே பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். பக்கத்தைத் திறந்ததும் இரண்டு இடம் பாருங்கள்: ஆள் சேர்ப்பு இந்தியாவில் திறந்திருக்கிறதா, நீங்கள் போகும் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்திருக்கிறதா. பதிவில் பெயர் இருந்தும் அந்த மையத்தில் சேர்ப்பு முடிந்திருக்கலாம், போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

தகுதியில் அடிபடுவது பெரும்பாலும் இவற்றில்தான். இசிஓஜி (உடல் இயக்கத்தை அளக்கும் மதிப்பெண்) 0 அல்லது 1 வேண்டும், அதாவது நடமாடி, தன் வேலையைத் தானே பார்த்து, இலகுவான வேலையும் செய்ய முடிய வேண்டும். ஹீமோகுளோபின் பல ட்ரயல்களில் 9 கேட்பார்கள். கட்டியில் ரத்தக் கசிவு இருந்தால் அது சத்தமில்லாமல் இறங்கிவிடும். டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ரத்தம் ஏற்றிச் சரிக்கட்ட முடியாது, ஏற்றிய நாளுக்கும் டெஸ்ட்டுக்கும் இடைவெளி கேட்பார்கள். பசிக்காக யாராவது பிரெட்னிசலோன் எழுதியிருந்தால் உடனே சொல்லுங்கள், தினம் 10 மில்லிகிராமுக்கு மேல் போனால் இம்யூனோதெரபி ட்ரயலில் இடமில்லை. ஹெபடைடிஸ் பி டெஸ்ட்டை இப்போதே செய்துவையுங்கள்.

கல்லீரல் பரவல் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அளக்கத்தக்க நோய் என்று கொள்வார்கள். சிடி ரிப்போர்ட்டில் அளவு இருக்கிறதா பாருங்கள். தாளோடு நிற்காமல் டைகாம் படங்கள் (ஸ்கேனின் மூலப் படங்கள்) உள்ள டிஸ்க்கையும் எடுத்துப்போங்கள். பொதுவாக 28 நாளுக்குள் எடுத்த ஸ்கேனைத்தான் ஏற்பார்கள்.

நெறிக்குழு
கையெழுத்து பற்றி மட்டும் சொல்கிறேன். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகள்படி, தகவல் தாளும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும் ஒரு நகல் உங்கள் கைக்கு வர வேண்டும். தமிழில் கேளுங்கள். சித்தப்பாவுக்குப் படிக்க வராது என்றால் ட்ரயலோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் கூட இருக்க வேண்டும். படிவத்தில் வாரிசு பெயருக்கு ஓர் இடம் இருக்கும். அவசரத்தில் அதை வெறுமையாக விட்டுவிட்டால் பின்னால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியிருக்கும். அங்கேயே சித்தி பெயரை எழுதுங்கள்.

ட்ரயலால் பாதிப்பு வந்தால் மருத்துவச் செலவு நடத்துபவர்களுடையது. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. ஸ்கேன், படுக்கை, பயணம் இவற்றில் எது அவர்கள் செலவு, எது உங்கள் செலவு என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் தாளில் காட்டச் சொல்லுங்கள்.

வைகைக்கரை
மிக்க நன்றி. லேபில் பிளாக்கைத் தர மறுக்கிறார்கள், ஸ்லைடு மட்டும் தருவார்களாம். அது போதுமா? கிளாடின் மருந்தில் வாந்தி அதிகம் என்கிறார்களே, ஏற்கெனவே சாப்பாடு இறங்கச் சிரமம்.

திசுத்தட்டு
பல ட்ரயல்களுக்குச் சாயமிடாத ஸ்லைடு போதும். எத்தனை வேண்டும் என்பதை ட்ரயல் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் வாங்கி, அந்தத் தாளை லேபில் கொடுங்கள். 4 மைக்ரான் கனம், சார்ஜ்டு ஸ்லைடு (திசு ஒட்டிக்கொள்ளும் மின்னேற்றக் கண்ணாடி) என்று சொல்லுங்கள். சாதா கண்ணாடியில் எடுத்தால் டெஸ்ட் நடுவிலேயே திசு உரிந்துபோகும். அனுப்பும் நாளுக்குப் பக்கத்தில் வெட்டச் சொல்லுங்கள், வெட்டி வாரக்கணக்கில் கிடந்தால் சாயம் மங்கலாக ஏறி, பாசிட்டிவும் நெகட்டிவ் போலத் தெரியும். கிளாடினுக்கு இது முக்கியம். ஸ்பாட்லைட்டில் 75 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட புற்றணுக்களில் நடுத்தரமாகவோ அடர்த்தியாகவோ சாயம் ஏறியிருந்தால்தான் சேர்த்தார்கள்.

வாந்தி உண்மைதான். தீவிர வாந்தி அந்த ட்ரயலில் மருந்துப் பிரிவில் 16 சதவீதம், மற்றதில் 6. அதிகம் வருவது முதல் ட்ரிப்பில். வாந்தித் தடுப்பு மருந்துகளை முன்பே கொடுத்து, மெதுவாக ஏற்றத் தொடங்குவார்கள். குமட்டினால் ட்ரிப்பை நிறுத்திவைத்து, அடங்கியதும் வேகத்தைக் குறைத்துத் தொடர்வார்கள். அதனால் முதல் நாள் முழுக்க ஒருவர் கூடவே இருந்து, குமட்டல் ஆரம்பிக்கும்போதே நர்ஸிடம் சொல்ல வேண்டும். சாப்பாடு இறங்காத சிரமத்துக்கு உணவு செலுத்தும் டியூப் வேண்டுமா என்பதை ட்ரயல் முடிவுக்குக் காத்திராமல் இந்த வாரமே டயட்டீஷியனிடம் கேளுங்கள்.