மார்வெலுக்கு இனியும் ஸ்டுடியோ தலைவர் ஃபைகி போதுமா, வேறு ஆள் வேண்டுமா?

முறுக்கு_இடைவேளை:

2008ல் வந்த அயர்ன் மேனிலிருந்து மார்வெலின் சூப்பர்ஹீரோ படங்களை ஒன்று விடாமல் பார்த்து வருகிறவன் நான். அதனால் வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவெஞ்சர்ஸ் எண்ட்கேம் 2019ல் சுமார் 280 கோடி டாலர் வசூலித்தது. அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். 2023ல் ஆன்ட்மேன் மூன்றாம் பாகம் 47 கோடி சொச்சத்தோடு நின்றுபோனது, அதே வருடக் கடைசியில் தி மார்வெல்ஸ் 20 கோடியைக் கொஞ்சம் தாண்டிப் படுத்துவிட்டது, இத்தனைக்கும் அதன் முந்தைய பாகமான கேப்டன் மார்வெல் 110 கோடிக்கு மேல் அள்ளிய படம். சரி, 2025ல் திருந்திவிட்டார்கள் என்றார்கள். கேப்டன் அமெரிக்கா 41 கோடி, தண்டர்போல்ட்ஸ் 38, ஃபென்டாஸ்டிக் ஃபோர் 52. கடைசி இரண்டையும் விமர்சகர்கள் நன்றாகவே பாராட்டினார்கள், ஆனாலும் பழைய கூட்டம் வரவில்லை.

இந்த நிலைமையில் என்ன செய்கிறார்கள் என்றால், அடுத்த பெரிய வில்லனாகக் காட்டிவந்த கேங்கை மூட்டை கட்டிவிட்டு, எண்ட்கேமை இயக்கிய ரூசோ சகோதரர்களையே திரும்பக் கூப்பிட்டு, டோனி ஸ்டார்க்காக நடித்த அதே டவுனி ஜூனியருக்கு முகமூடி மாட்டி டாக்டர் டூம் என்கிறார்கள். 2026 டிசம்பருக்கு அவெஞ்சர்ஸ் டூம்ஸ்டே என்று படம். பழைய குருடி, கதவைத் திறடி!

2007லிருந்து கெவின் ஃபைகிதான் ஸ்டுடியோவின் தலைவர். இத்தனை காலம் ஒரே ஆள் எல்லாவற்றையும் தீர்மானித்தது போதாதா? கற்பனைக்குப் புதுத் தலைமை வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ராக்கெட்_தம்பி:

ஆளை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது கிரிக்கெட்டில் கேப்டனை மாற்றச் சொல்கிற மாதிரியான பேச்சு ப்ரோ. என்னைக் கேட்டால் சரக்கு அதிகமாகிவிட்டது, அவ்வளவுதான். 2019 நவம்பரில் மார்வெலின் முதலாளியான டிஸ்னியின் ஓடிடி, டிஸ்னி பிளஸ் தொடங்கியது, அதை நிரப்ப மார்வெலிடம் சீரிஸ் கேட்டார்கள், இவர்களும் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எண்ட்கேம் வரைக்கும் எடுத்தது மொத்தம் சுமார் 50 மணி நேரம், அதற்குப் பிறகு ஆறே வருடத்தில் 100 மணி நேரத்துக்கு மேல் என்று ஃபைகியே 2025ல் நிருபர்களிடம் கணக்குச் சொன்னார். டிஸ்னி தலைவராக இருந்த பாப் ஐகரும் எண்ணிக்கை கூடியதால் கவனம் சிதறியது என்று ஒப்புக்கொண்டவர்தான்.

தி மார்வெல்ஸ் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாயகிகள் மூவர். ஒருத்தியைத்தான் தியேட்டரில் பார்த்திருப்போம், இன்னொருத்தி பெரியவளாகி சக்தி பெற்றது வாண்டாவிஷன் சீரிஸில், மூன்றாமவள் மிஸ் மார்வெல் சீரிஸில். என் அக்கா வீட்டுக்காரர் டிக்கெட் எடுத்து உட்கார்ந்துவிட்டு அரை மணி நேரம் "இந்தப் பொண்ணு யாரு?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்தால்தான் படம் புரியும் என்றால் குடும்பத்தோடு யார் வருவார்கள்? டெட்பூலும் வுல்வரினும் சேர்ந்த படம் 2024ல் 130 கோடியைத் தாண்டியதே, அதுவும் இதே ஃபைகி காலத்தில் வந்ததுதானே.

முறுக்கு_இடைவேளை:

@ராக்கெட்_தம்பி அந்தப் படம் ஓடியது வுல்வரினாக ஹ்யூ ஜாக்மன் காமிக்ஸில் வருகிற மஞ்சள் உடை போட்டு வந்ததால் ப்ரோ. முன்பு எக்ஸ்மென் படங்களை எடுத்த ஃபாக்ஸ் கம்பெனி கட்டிவைத்த வீட்டில் இவர்கள் குடியேறிய கதை அது. புதுசாக என்ன செய்தார்கள் என்றுதான் கேட்கிறேன்.

மூவியோலா:

இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் உண்மை. நான் எடிட்டிங் பக்கம் கொஞ்ச காலம் வேலை பார்த்தவன் (ஹாலிவுட் இல்லை சாமி, சின்னச் சின்ன விளம்பரப் படங்கள்), அந்தக் கண்ணால் பார்த்தால் சிக்கல் ஃபைகி என்ற ஆளிடமும் இல்லை, எண்ணிக்கையில் மட்டும் இல்லை, அவர்கள் படம் எடுக்கிற முறையில் இருக்கிறது.

அர்ஜென்டினா இயக்குநர் லுக்ரேசியா மார்டெலை பிளாக் விடோ படத்துக்காக மார்வெல் கூப்பிட்டுப் பேசியது. சண்டைக் காட்சிகளைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். இதை அவரே 2018ல் வெளியில் சொன்னார். யோசித்துப் பாருங்கள், சூப்பர்ஹீரோ படத்தில் சண்டையை எடுத்துவிட்டால் இயக்குநருக்கு மீதம் என்ன இருக்கிறது? இயக்குநர் வருவதற்கு முன்பே பெரிய காட்சிகளை கம்ப்யூட்டரில் முன்வடிவமாகப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் எந்த நாட்டிலிருந்து எந்த மேதையைக் கொண்டுவந்தாலும் கடைசி அரை மணி நேரம் ஒரே மாதிரி சாம்பல் நிற வானத்தில் ஒளிக்கற்றை பாய்கிற காட்சியாகத்தான் முடியும். க்ளோயி ஜாவோ ஆஸ்கர் வாங்கிய அதே 2021ல்தான் அவர் இயக்கிய எட்டர்னல்ஸும் வந்தது. வெளிப்புற ஒளியில் அவர் எடுத்த காட்சிகளையும் கிளைமாக்ஸையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், இரண்டு பேர் எடுத்த படம் போல இருக்கும்.

இந்த முறைக்கு ஒத்துவராதவர்கள் கிளம்பிவிடுகிறார்கள். எட்கர் ரைட் பல வருடம் உழைத்துவிட்டு 2014ல் ஆன்ட்மேனை விட்டுப் போனார். முதல் டாக்டர் ஸ்ட்ரேஞ்சை எடுத்த ஸ்காட் டெரிக்சன் இரண்டாம் பாகத்திலிருந்து 2020ல் விலகினார். பிளேடு கதை இன்னும் மோசம். மஹெர்ஷலா அலி நடிப்பார் என்று 2019ல் மேடையில் அறிவித்தார்கள், இரண்டு இயக்குநர்கள் வந்து போய்விட்டார்கள், எழுதியவர்கள் எத்தனை பேர் என்று எண்ண விரல் போதாது, கடைசியில் 2024ல் வெளியீட்டுப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். ரத்தக்காட்டேரியை வேட்டையாடுகிறவன் கதை, இதில் என்னய்யா இவ்வளவு குழப்பம்?

சீரிஸ் பக்கம் இதைவிடக் கூத்து. சாதாரணமாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஷோரன்னர் என்று ஒருவர் இருப்பார், எழுத்தும் படப்பிடிப்பும் எடிட்டிங்கும் அவர் பொறுப்பு. மார்வெல் அந்தப் பதவியையே வைத்துக்கொள்ளவில்லை. தலைமை எழுத்தாளர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பிறகு இயக்குநர் பார்த்துக்கொள்வார், தப்பானால் ரீஷூட்டில் ஒட்டலாம், அதுவும் போதாவிட்டால் கிராஃபிக்ஸ்காரர்கள் தலையில் கட்டலாம். டேர்டெவில் பார்ன் அகெய்ன் சீரிஸைப் பாதி எடுத்த பிறகு 2023ல் போட்டுப் பார்த்துவிட்டு, தேறாது என்று எழுத்தாளர்களை அனுப்பிவிட்டுப் பெரும்பகுதியை மாற்றினார்கள். அதற்கப்புறம்தான் ஷோரன்னர் வைக்கலாம் என்ற ஞானமே வந்தது. மார்வெலின் கிராஃபிக்ஸ் ஊழியர்கள் அதே 2023ல் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்காமல் சங்கம் அமைத்தது சும்மா இல்லை.

@முறுக்கு_இடைவேளை ஆக, ஃபைகி இடத்தில் நாளைக்கே வேறொருவரை உட்கார வைத்தாலும், இந்த முறை அப்படியே இருந்தால் அதே படம்தான் வரும். கலர் மட்டும் வேறாக இருக்கும்.

சோடாபுட்டி_77:

எண்ட்கேம் தமிழில் விஜய் சேதுபதி குரலில் டோனி ஸ்டார்க் பேசியதையே தாங்கிக்கொண்டவர்கள் நாம். டூமுக்கு யார் குரல் என்பதுதான் இப்போது என் ஒரே கவலை.

ராக்கெட்_தம்பி:

@சோடாபுட்டி_77 😂 அந்தக் காயத்தைக் கிளறாதீர்கள்.

@மூவியோலா ஏற்கிறேன், ஆனால் ஒரு சந்தேகம். அந்த முறைதானே விண்டர் சோல்ஜரையும் ரக்னராக்கையும் பிளாக் பேந்தரையும் கொடுத்தது? கம்யூனிட்டி என்கிற காமெடி சீரிஸ் எடுத்துக்கொண்டிருந்த ரூசோக்களைக் கூட்டிவந்து 2014ல் அரசியல் த்ரில்லர் எடுக்க வைத்ததும் இதே ஃபைகிதான். அப்போது வேலை செய்தது இப்போது ஏன் செய்யவில்லை?

மூவியோலா:

நல்ல கேள்வி. அப்போது வருடத்துக்கு இரண்டு மூன்று படம்தான், ஒவ்வொன்றுக்கும் ஃபைகி எடிட்டிங் அறையில் உட்கார நேரம் இருந்தது. கடைசி நேரத்தில் திருத்திக் காப்பாற்றுகிற வித்தை அவருக்கு நன்றாகவே வரும். அயர்ன் மேனே முழுத் திரைக்கதை இல்லாமல், டவுனியும் இயக்குநர் ஃபாவ்ரோவும் படப்பிடிப்பில் பேசிப் பேசிச் சேர்த்த படம்தான். ஆனால் ஒரு மனிதரின் கண்ணை நம்பி ஓடுகிற முறையை எட்டு சீரிஸுக்கு நீட்டினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. அதனால் உங்கள் எண்ணிக்கைக் கதையும் என் கதையும் ஒரே கதைதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

கறுப்பு_ஃபீனிக்ஸ்:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். "புதுத் தலைமை" என்று கேட்பவர்கள் ஃபாக்ஸின் எக்ஸ்மென் வரலாற்றை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும். 2006ல் மூன்றாம் பாகத்தை எழுதிய இருவரில் ஒருவர் சைமன் கின்பர்க். ஜீன் கிரே ஃபீனிக்ஸாக மாறுகிற கதை, காமிக்ஸில் எவ்வளவு பெரிய கதை, அதைச் சொதப்பினார்கள். 2019ல் அதே கதையைத் திரும்ப எடுக்கலாம் என்றபோது எழுதவும் இயக்கவும் யாரிடம் கொடுத்தார்கள்? அதே கின்பர்க்கிடம். டார்க் ஃபீனிக்ஸ் 25 கோடி டாலரோடு காலி, 2000ல் தொடங்கிய மொத்த வரிசையும் அத்தோடு கிட்டத்தட்ட முடிந்தது. ஒரே கதையில் ஒரே ஆளுக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுத்த கம்பெனியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் இதே கம்பெனிதான் 2017ல் லோகனையும் எடுத்தது. இயக்கியது ஜேம்ஸ் மேன்கோல்ட். அவரும் புதியவர் அல்ல, அதற்கு முந்தைய வுல்வரின் படமும் அவருடையதுதான். மாறியது என்ன? 10 கோடிக்கும் குறைவான பட்ஜெட், வயது வந்தோருக்கான சான்றிதழ், அடுத்த படத்துக்கு வழிவிட வேண்டிய கட்டாயம் இல்லை. வசூல் 60 கோடிக்கு மேல், தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை வேறு. பாண்ட் படங்களில் பியர்ஸ் ப்ராஸ்னனை 1995ல் அறிமுகப்படுத்திய மார்ட்டின் கேம்ப்பெல்தான் 2006ல் டேனியல் கிரெய்கையும் கொண்டுவந்தார். ஆகவே ரூசோ திரும்ப வருவதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் எங்கே என்றால், பேட்ரிக் ஸ்டூவர்ட்டும் இயன் மெக்கல்லனும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட நாற்காலிகளை வரிசையாகக் காட்டி டூம்ஸ்டே நடிகர்களை அறிவித்தார்களே, மணிக்கணக்காக, அப்போது கதையைப் பற்றி ஒரு வரியாவது இருந்ததா?

முறுக்கு_இடைவேளை:

@கறுப்பு_ஃபீனிக்ஸ் நாற்காலி நேரலையை முழுசாகப் பார்த்த பாவி நானும்தான். சரி, என் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். புது எக்ஸ்மென்னை தண்டர்போல்ட்ஸ் எடுத்த ஜேக் ஷ்ரேயரிடம் கொடுத்திருக்கிறார்களே, அது நம்பிக்கை தருகிறதா?

மூவியோலா:

தண்டர்போல்ட்ஸின் கிளைமாக்ஸை நினைத்துப் பாருங்கள். ஊரை இடிக்கவில்லை, மன உளைச்சலில் இருக்கிற ஒருத்தனைக் கட்டிப்பிடித்து முடிக்கிறார்கள். அதை அனுமதித்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. எக்ஸ்மென்னிலும் அந்த அளவு கயிற்றை விட்டுக் கொடுத்தால், முதல் நாள் டிக்கெட் எடுப்பேன். படம் வெளிவருவதற்குள் மூன்று தடவை எழுத்தாளரை மாற்றினார்கள் என்று செய்தி வந்தால் ஓடிடியில் பார்த்துக்கொள்கிறேன்.

ராக்கெட்_தம்பி:

அப்புறம் எட்டர்னல்ஸ் கடைசியில் வந்த ஹாரி ஸ்டைல்ஸ், ஸ்ட்ரேஞ்ச் இரண்டாம் பாகக் கடைசியில் வந்த சார்லீஸ் தெரோன், தோர் நான்காம் பாகத்தில் வந்த ஹெர்குலிஸ், இவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று யாராவது கண்டுபிடித்தால் இங்கே எழுதுங்கள்.

சோடாபுட்டி_77:

ஒரு உதவி. டூம்ஸ்டேக்கு மனைவியையும் கூட்டிப்போகிறேன், எண்ட்கேமுக்கு அப்புறம் எதுவும் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னால் விவாகரத்து நிச்சயம். எதெது போதும்?

கறுப்பு_ஃபீனிக்ஸ்:

@சோடாபுட்டி_77 லோகி இரண்டு சீசன், தண்டர்போல்ட்ஸ், ஃபென்டாஸ்டிக் ஃபோர். நேரமிருந்தால் டெட்பூல் வுல்வரின், ஆனால் குழந்தைகள் தூங்கிய பிறகு. சீக்ரெட் இன்வேஷன் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள், அதற்குத்தான் வக்கீல் தேவைப்படும்.