பெட்டியில் கறிவேப்பிலைக் கன்று வேண்டாம், மக்களே

குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு விடுமுறையில் வந்திருக்கிறேன். அடுத்த வீட்டுப் பெண் செவிலியர் வேலைக்கு ஸ்காட்லாந்து கிளம்புகிறாள். நேற்று அவள் பெட்டி கட்டுவதைப் பார்க்கப் போனேன். கருப்பட்டிக்கும் மிளகாய்ப்பொடிக்கும் நடுவே, வேரில் ஈரத்துணி சுற்றிய கறிவேப்பிலைக் கன்று ஒன்று இருந்தது. "அங்கே ஒரு கொத்துக்குக்கூடக் காசு கொடுக்க வேண்டுமாமே அக்கா" என்றாள். அதே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அடுக்குமாடி வீட்டுக்குள் ஏழு குளிர்காலம் செடி வளர்த்திருக்கிறேன். அவளிடம் சொன்னதைக் கிளம்பும் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

முதலில் கன்றை வெளியே எடுத்து வையுங்கள். பிரிட்டனுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் நடுவதற்கான செடிகளையும் பெரும்பாலான விதைகளையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோக முடியாது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் இன்னும் கண்டிப்பு. மறைத்துக் கொண்டுபோனால் அபராதம். அமெரிக்காவில் கறிவேப்பிலைக்கென்றே கட்டுப்பாடு உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி இந்தச் செடியிலும் தங்கும். விதையைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்குள்ள நம் மளிகைக் கடைகளில் விற்கும் வெந்தயமும் முழு மல்லியும் முளைக்கும்.

அடுத்தது, நம் கைப்பழக்கம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. வேலிக்கு ஊன்றிய கம்புகூடத் துளிர்க்கும். செடி வாடினால் உடனே தண்ணீர் ஊற்றித்தான் நமக்குப் பழக்கம். முதல் வருடம் நானும் அதையே செய்தேன். அங்கே ஒரு நாற்றங்காலில் வாங்கிய கறிவேப்பிலைக் கன்றை ஜன்னல் திட்டில் வைத்து, தினமும் காலையில் ஒரு குவளை ஊற்றினேன். நவம்பரில் இலை மஞ்சளித்தது, இன்னும் ஊற்றினேன். டிசம்பரில் மொட்டைக் குச்சியைப் பிடுங்கிப் பார்த்தபோது, வேர் கருத்துக் கூழாகி, சாக்கடை வாடை அடித்தது. அன்று வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

டிசம்பரிலும் நம் ஊரில் பகல் 11 மணி 30 நிமிடத்துக்குக் குறையாது. அதே நாளில் கிளாஸ்கோவில் பகல் ஏறத்தாழ 7 மணி நேரம்தான், சூரியனும் கூரை உயரத்துக்குமேல் எழும்பாது. வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீர் குடிப்பதும் குறையும். குடிக்காத தண்ணீர் தொட்டியில் நின்று வேரை அழுக வைக்கும். ஆகவே விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தட்டில் வடிந்த நீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். ஈரம் நின்றால் கொசு போன்ற கரிய சிற்றீக்களும் வரும். மேல்மண்ணைக் காயவிட்டு, பசை தடவிய மஞ்சள் அட்டை ஒன்றைச் செருகினால் அடங்கும்.

பணம் செலவழிப்பதானால் விளக்குக்குச் செலவழியுங்கள். செடி வளர்ப்புக்கான 30 வாட் வெள்ளை எல்இடி விளக்கு ஒன்று போதும். செடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கட்டி, டைமர் வைத்து 14 மணி நேரம் எரியவிடுங்கள். ஒரு நாளுக்கு அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. ஜன்னலை மட்டும் நம்புகிறவர்கள் தெற்குப் பார்த்த ஜன்னலைத் தேடுங்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்களுக்கு அது வடக்கு. இலை கண்ணாடியில் முட்டக் கூடாது, குளிரில் கருகிவிடும்.

முதல் விதைப்பு வெந்தயமாக இருக்கட்டும். இரவு ஊறவையுங்கள். ஓட்டையிட்ட பழைய பிளாஸ்டிக் டப்பாவில், உரமண்ணும் தென்னை நார்க்கழிவும் கலந்து நான்கு விரல் உயரம் நிரப்பி, நெருக்கமாகத் தூவி, மெல்ல மூடுங்கள். நார்க்கழிவில் சத்து கிடையாது, அதை மட்டும் நம்ப வேண்டாம். மூன்றாம் நான்காம் நாளில் விதைத்தோலைத் தலையில் தூக்கிக்கொண்டு முளைகள் நிமிரும். தோலைக் கையால் உரிக்காதீர்கள், தானாகவே விழும். முளை வெளிறி நெட்டையாக ஓடினால் விளக்கை இறக்குங்கள். மூன்று வாரத்தில் கத்தரிக்கோலால் வெட்டித் தேங்காய் சேர்த்துத் துவரன் (பொரியல்) வைக்கலாம்.

பிறகு காந்தாரி மிளகாய். ஆசியக் கடைகளில் சின்னச் சிவப்பு மிளகாய் கிடைக்கும். பழுத்ததிலிருந்து விதை எடுங்கள். முளைக்க வெதுவெதுப்பு தேவை, ஹீட்டருக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள். வீட்டுக்குள் காற்றும் வண்டும் இல்லாததால், பச்சை கலந்த வெள்ளைப் பூ விரிந்ததும் காம்பை விரல் நுனியால் இரண்டு முறை தட்டுங்கள். மகரந்தம் உதிர்ந்து அந்தப் பூவிலேயே படும். ஒரே செடி என்னிடம் நான்கு வருடமாகக் காய்க்கிறது. உறைய வைத்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) கடையில் கிடைக்கும். அதை அவித்து, இந்தக் காந்தாரியை உப்பும் சின்ன உள்ளியும் வைத்து நசுக்கிச் சாப்பிட்ட இரவில்தான் அந்த வீடு எனக்கு வீடாயிற்று.

முருங்கையும் புடலையும் வேண்டாம். இடமும் வெயிலும் பத்தாது.

வாடகை வீட்டில் ஜன்னலோரம் ஈரம் கோத்துச் சுவரில் பூஞ்சை படரும். தினமும் பத்து நிமிடமாவது ஜன்னலைத் திறங்கள்.

வடக்கு நாடுகளில் குளிர்காலத்தில் போய் இறங்குகிறவர்கள் வெந்தயத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கறிவேப்பிலைக் கன்றை அங்கேயே, மே மாதம் பிறந்ததும் வாங்குங்கள். நீண்ட பகல் முழுவதையும் குடித்து வேர் பிடித்துவிட்டால், அடுத்த டிசம்பரில் இலை உதிர்த்தாலும் வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்க்கும்.